தனியாளுக்கு மூன்று கப் மோகா பாட்: ஏழு பயணம் கழித்து எழுதுவது

காபி விஷயத்தில் நாக்கு நாலு முழம் இருப்பவன் தனியாக டென்ட் போடக் கிளம்பக் கூடாது என்பது என் அக்காவின் கட்சி. நான் கிளம்பிவிட்டேன். மூன்று வருடமாக, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, சனிக்கிழமை விடியும் முன் நங்கநல்லூரில் பைக்கை எடுத்து, ஸ்ரீபெரும்புதூர், ராணிப்பேட்டை, வேலூர் என்று போய், வாணியம்பாடியில் திரும்பி ஆலங்காயம் பக்கமாக ஏறினால் ஜவ்வாது மலை. அங்கே தெரிந்த பெரியவர் ஒருவருடைய நிலத்தில் டென்ட். ராத்திரி நட்சத்திரம், காலையில் காபி, ஞாயிறு சாயங்காலம் வீடு. இதில் நட்சத்திரம் தானாக வந்துவிடும், காவலூரில் வானாய்வகம் இருப்பதே அந்த இருட்டை நம்பித்தான். காபிதான் தானாக வராது.

அடுப்பில் வைத்து டிகாஷன் இறக்குகிற இந்த மோகா பாட்டை வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. ஏழு பயணம் கூடவே வந்திருக்கிறது, வீட்டு மொட்டை மாடியிலும் பத்துப் பதினைந்து தடவை வைத்துப் பார்த்திருக்கிறேன். அதனால் எழுதலாம் என்று தோன்றியது. அலுமினியம், மூன்று கப் அளவு, ஆன்லைனில் 1,150 ரூபாய்க்கு வாங்கினேன், அடியில் ஏதோ ஒரு பெயர் குத்தியிருக்கிறது, அது இந்த வருடம் இருக்கும், அடுத்த வருடம் இருக்காது. வடிவம் மட்டும் எல்லாருக்கும் தெரிந்த அந்த எட்டுப்பட்டை வடிவம், 1933-இல் இத்தாலியில் பியாலெட்டி என்பவர் கொண்டுவந்ததன் நகல்.

ஆளுக்கு ஆள் அளவுகோல் மாறும், என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன். கேம்பிங் காபி பற்றி நான் பார்த்த வீடியோ எதிலும் யாரும் பால் பேச்சை எடுப்பதே இல்லை. ஒருவர் மலை உச்சியில் உட்கார்ந்து, கைமில்லில் கொட்டை அரைத்து, பேப்பரில் வடித்து, கறுப்பாக ஒரு பெரிய கோப்பையில் ஊற்றிக் குடித்துவிட்டு ஆஹா என்பார். அவருக்கு வேலை முடிந்தது. நமக்கு அங்கேதான் வேலை ஆரம்பிக்கிறது. நம் காபியில் பாதிக்கு மேல் பால். அந்தப் பால் வீட்டில் கிடைக்கிற பாலாக இருந்தால் டிகாஷன் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சமாளித்துவிடும். காட்டில் கிடைப்பது பவுடர் பாலோ, டெட்ரா பேக் பாலோ. அந்தப் பாலைத் தூக்கி நிறுத்துகிற அளவுக்கு டிகாஷன் வருமா என்பதுதான் நான் இந்தச் சாமானிடம் கேட்ட ஒரே கேள்வி. கறுப்புக் காபி குடிப்பவர்களுக்கு இந்த விமர்சனத்தில் பாதி தேவைப்படாது.

சரி, வருகிறது. நிபந்தனைகளோடு.

மோகா பாட் என்பது ஏறக்குறைய ஒரு குட்டி பிரஷர் குக்கர். கீழ்ப் பாத்திரத்தில் தண்ணீர், நடுவில் புனல் மாதிரி ஒரு கிண்ணம், அதில் காபித்தூள், மேலே காலிக் கூஜா. திருகி இறுக்கி அடுப்பில் வைத்தால், கீழே நீராவி அழுத்தம் ஏறி வெந்நீரைத் தூள் வழியாக மேலே தள்ளும். நம் ஃபில்டரில் தண்ணீர் தன் கனத்தில் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது, இதில் வலுக்கட்டாயமாக ஏறுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அழுத்தம் ஒன்று, ஒன்றரை பார் இருக்கும். காபி ஷாப்பில் உறுமிக்கொண்டு நிற்கும் எஸ்பிரெஸோ மிஷின் ஒன்பது பாரில் வேலை செய்கிறது, அதனால் இதை எஸ்பிரெஸோ என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். வருவது டிகாஷன். நல்ல டிகாஷன்.

மூன்று கப் என்று சொல்வதைப் பார்த்து மூன்று பேருக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அது இத்தாலிக்காரர்களின் சுண்டு கப். சேஃப்டி வால்வுக்குக் கீழ்வரை தண்ணீர் விட்டால் 150 மில்லி பிடிக்கும், தூள் 15, 16 கிராம், மேலே வருவது 120 மில்லிக்குக் கொஞ்சம் கூட. நம் கணக்கில் இரண்டு டம்ளர் காபிக்கான டிகாஷன். விழித்ததும் ஒன்று, டென்டைப் பிரிப்பதற்கு முன்னால் ஒன்று. தனியாளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. ஒரு கப் அளவு பாட் இன்னும் சின்னதாக, அழகாக இருக்கும், பையில் தெரியவே தெரியாது, ஆனால் வேண்டாம். ஒரு டம்ளரோடு நிற்பவர் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. அதோடு, மோகாவில் பாதி அளவு போட முடியாது, தூள் கிண்ணம் நிறைந்தே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் குறுக்கு வழியில் ஏறி வெறும் கறுப்புத் தண்ணீர் வரும்.

முதல் பயணத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் இதை வாங்குகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் இதையேதான் செய்வார்கள். வீட்டில் இருந்த தூளை அப்படியே எடுத்துக்கொண்டு போனேன். 80:20, அதாவது 20 பங்கு சிக்கரி, ஃபில்டருக்கான நைஸ் அரவை. கரண்டியின் பின்புறத்தால் கொஞ்சம் அழுத்தியும் விட்டேன், வீட்டில் ஃபில்டரில் அந்தக் குடையை வைத்து அமுக்குகிற பழக்கம். அடுப்பில் வைத்து ஆறு நிமிடம் ஆயிற்று, ஏழு ஆயிற்று, மேலே ஒன்றுமே வரவில்லை. கூஜாவின் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது (தயவுசெய்து அப்படி எட்டிப் பார்க்காதீர்கள்) திருகு இடுக்கிலிருந்து உஸ்ஸென்று ஆவி, அதோடு நாலு பக்கமும் பழுப்புத் தண்ணீர். அடுப்பை அணைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றேன். அதற்குள் சேஃப்டி வால்வும் சீற ஆரம்பித்துவிட்டது. அந்த வால்வு ஒழுங்காக வேலை செய்தது என்பதை இந்த மலிவு பாட்டின் கணக்கில் ஒரு நல்ல மதிப்பெண்ணாக எழுதிக்கொள்கிறேன்.

காரணம் சிக்கரிதான். அது தண்ணீரில் பட்டதும் ஊறிப் பிசுபிசுவென்று ஆகித் தூளின் இடுக்குகளை அடைத்துக்கொள்ளும். ஃபில்டரில் அது வரம், தண்ணீர் மெதுவாக இறங்கி டிகாஷன் கெட்டியாகக் கிடைக்கிறது. கீழிருந்து ஆவி தள்ளுகிற பாத்திரத்தில் அதே குணம் வழியை மறித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. நைஸ் அரவையும் அழுத்தியதும் சேர்ந்ததால் மொத்தமாக அடைத்துவிட்டது. அன்றைக்குக் காலை நான் குடித்தது ஆலங்காயம் போகிற வழியில் ஒரு டீக்கடையில் டீ. நல்ல டீதான், ஆனால் மனசு ஒட்டவில்லை.

திரும்பி வந்ததும் மேற்கு மாம்பலத்தில் வழக்கமாகத் தூள் வாங்கும் கடைக்குப் போனேன். மிஷின் பக்கத்தில் நிற்கும் அண்ணனிடம், பிளான்டேஷன் கொட்டை பாதி, பீபெரி என்கிற உருண்டைக் கொட்டை பாதி, சிக்கரி வேண்டாம், வழக்கமான அரவையைவிட ஒரு படி கொரகொரப்பாக வேண்டும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"சிக்கரி இல்லாமலா? திக்னஸ் வராதே சார். அப்புறம் வந்து என்கிட்டதான் கோச்சுக்குவீங்க."

"ஃபில்டருக்கு இல்லண்ணா. அடுப்புல வைக்கிற மாதிரி ஒண்ணு."

"ஓ, அந்த இத்தாலி சமாச்சாரமா. அப்ப கொஞ்சம் ரோபஸ்டா சேர்த்துக்குங்க, பால் ஊத்தினாலும் நிக்கும்."

இதைவிடப் பயனுள்ள யோசனையை நான் எந்த வீடியோவிலும் கேட்கவில்லை. இப்போது வாங்குவது 70 பங்கு பிளான்டேஷன், 30 பங்கு ரோபஸ்டா, சிக்கரி சுத்தமாக இல்லை, விரலில் தேய்த்தால் ரவையைவிட நைஸாக, மைதாவைவிடக் கொரகொரப்பாக ஒரு பதம். ரோபஸ்டா வகைக் கொட்டை என்றால் மட்டம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. கறுப்பாகக் குடிப்பவர்களுக்கு அது பொருந்தலாம். பவுடர் பாலோடு மல்லுக்கட்டப் போகிற டிகாஷனுக்கு அந்த முரட்டுக் கசப்புதான் முதுகெலும்பு. கடைகளில் பாக்கெட்டாக வரும் தூளை வாங்கினால் பின்பக்கம் பாருங்கள், சிக்கரி எத்தனை சதவீதம் என்று கட்டாயம் போட்டிருப்பார்கள், சட்டப்படி காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதால் சில பாக்கெட்டுகளில் மீதி 49-ம் சிக்கரியாகவே இருக்கும். அதைக் கொண்டுபோய் மோகாவில் போட்டால் மேலே சொன்ன கூத்துதான்.

அடுத்தது அடுப்பு. என்னிடம் இருப்பது மடக்குகிற சின்ன கேஸ் ஸ்டவ், ஹேர் ஸ்பிரே டப்பா மாதிரி நீளமாக இருக்கும் 220 கிராம் பியூட்டேன் டின், இரண்டுக்கும் நடுவில் ஒரு குழாய். மோகாவின் அடி சிறியது, அடுப்பின் மூன்று கால்களுக்கு நடுவில் சரியாக உட்காராது, ஒரு பக்கம் சாய்ந்தால் காபி போயிற்று. நங்கநல்லூர் பாத்திரக் கடையில் அப்பளம் சுடும் கம்பி வலை 60 ரூபாய்க்கு வாங்கி, கைப்பிடியை மடக்கி, அதை அடுப்பின்மேல் போட்டு அதன்மேல் பாட்டை வைக்கிறேன். பாறை மாதிரி நிற்கிறது. இதற்கென்றே வெளிநாட்டில் தனியாக ஒரு வளையம் விற்கிறார்களாம், ஆயிரம் ரூபாய் பக்கம். அப்பளமும் சுடலாம் என்பது நம்முடையதன் கூடுதல் வசதி, ராத்திரி ரசம் சாதத்துக்கு நான் சுட்டிருக்கிறேன்.

தீ, பாட்டின் அடியைத் தாண்டி வெளியே வரக் கூடாது. இதைப் பெட்டியிலேயே போட்டிருந்தான், நான் படிக்கவில்லை. இரண்டாவது பயணத்தில் குளிருக்குப் பயந்து தீயைப் பெரிதாக வைத்ததில் பிளாஸ்டிக் கைப்பிடியின் அடிப்பாகம் உருகி இப்போது பாதி தின்ற பிஸ்கட் மாதிரி இருக்கிறது. பிடிக்க முடிகிறது, அழகு போயிற்று. சிறு தீயில் ஐந்தாறு நிமிடம், முதலில் கனத்த தேன் மாதிரி மெதுவாக வழிந்து ஏறும், கடைசியில் களகளவென்று சத்தம் போட்டு வெளுப்பாகத் துப்ப ஆரம்பிக்கும். அந்தச் சத்தம் கேட்டவுடன் இறக்கிவிட வேண்டும், அதற்கு மேல் வருவது கருகல் கசப்பு. நான் ஈரத் துணியைத் தயாராக வைத்திருந்து அடியை அதன்மேல் வைத்துவிடுவேன், உடனே நின்றுவிடும். துணியிலிருந்து எழும் அந்தச் சுர்ர் சத்தம்தான் அங்கே எனக்கு அலாரம் மாதிரி, அதைக் கேட்டுத்தான் முழுசாகக் கண் விழிக்கிறேன்.

கேஸ் பற்றி மூன்று விஷயம், இதில் விளையாட்டு வேண்டாம். டென்டுக்குள் அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள், வெளியே மழையாக இருந்தாலும் சரி. தீப்பிடிப்பது ஒரு பக்கம், மூடிய இடத்தில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரண்டாவது, காற்று அடிக்கிறது என்று அடுப்பையும் டின்னையும் சேர்த்துத் தகரம் வைத்துச் சுற்றிவிடாதீர்கள், சூடு திரும்பி டின்னில் ஏறும். குழாய் வைத்த அடுப்பு வாங்கியதே டின்னைத் தள்ளி வைக்கலாம் என்பதற்காகத்தான், தகரத்தை அடுப்புக்கு மட்டும் வையுங்கள். மூன்றாவது, ரயிலிலும் விமானத்திலும் இந்த டின்னைக் கொண்டுபோகக் கூடாது. வண்டியில் போகிறவர்களுக்குத்தான் இந்த ஏற்பாடு. ரயிலில் திருப்பத்தூர் போய் பஸ் பிடிக்கிறவர்கள் அங்கே இறங்கி டின் தேடிக்கொள்ள வேண்டியதுதான், சின்ன ஊர்களில் லேசில் கிடைக்காது.

பியூட்டேனுக்குக் குளிர் ஆகாது. ஏறக்குறைய பூஜ்ஜியம் டிகிரியில்தான் அது ஆவியாகவே ஆரம்பிக்கும். ஜவ்வாது மலையில் அவ்வளவு குளிர் எங்கே என்று கேட்கலாம். ஆனால் கேஸ் வெளியேற வெளியேற டின்னே குளிர்ந்துபோகும், மார்கழி விடியற்காலையில் பாதி காலியான டின் என்றால் தீ நீலமாகச் சுருங்கி முனக ஆரம்பிக்கும். ராத்திரி டின்னை ஸ்லீப்பிங் பேக் ஓரத்தில் வைத்துக்கொண்டு படுத்தால் காலையில் ஒழுங்காக எரிகிறது. வீட்டில் தராசில் வைத்துப் பார்த்ததில் ஒரு காலைக்கு, டிகாஷனும் பால் காய்ச்சுவதும் சேர்த்து, 10 கிராம் கேஸ்கூட ஆகவில்லை. ஒரு டின் இருபது காலைக்கு வரும்.

விறகு மூட்டிக் காபி போட்டால் என்ன, எவ்வளவு அழகு என்று ஒரு நண்பன் கேட்டான். படத்துக்கு அழகுதான். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் தங்குவதே தப்பு, தீ மூட்டுவது அதைவிடத் தப்பு. 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் மாட்டிக்கொண்டு இறந்ததை நாம் எல்லாரும் டிவியில் பார்த்தோம். நான் தங்குவது தனியார் நிலம், அங்கேயும் மாசிக்கு மேல் சருகு காய்ந்து கிடக்கும், அந்தப் பெரியவர் பீடிகூடக் கிணற்றடியில் போய்த்தான் பிடிப்பார்.

இப்போது பால்.

முதலில் முயன்றது ஆவின் பச்சை பாக்கெட். முந்தின ராத்திரி ஃபிரீசரில் வைத்துக் கல்லாக்கி, ஈரத் துண்டில் சுற்றி, அதைச் சாக்கில் சுற்றி, பைக்கின் பக்கப் பையில். சனிக்கிழமை மதியம் கூடாரம் போடும்போது ஓரளவு சில்லென்றுதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு அடுப்பில் வைத்ததும் திரிந்துவிட்டது. கையில் அருமையான டிகாஷன், பாத்திரத்தில் பன்னீர். அந்தத் தருணத்தின் வயிற்றெரிச்சலை எழுத்தில் கொண்டுவர முடியாது.

அடுத்து பால் பவுடர். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, கடையில் பால் பவுடர் என்று கேட்டால் பெரும்பாலும் டெய்ரி ஒயிட்னரைத்தான் எடுத்துத் தருகிறார்கள், அதில் சர்க்கரை சேர்த்திருப்பார்கள். நான் காபிக்கு அரை ஸ்பூன் சர்க்கரை போடுகிற ஆள், அது தித்திப்பாகிப் பாயசம் மாதிரி ஆகிவிட்டது. சர்க்கரை இல்லாத முழுக் கொழுப்புப் பவுடர் என்று பார்த்து வாங்க வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் நேராகக் கொட்டினால் கட்டி கட்டியாகும். முதலில் இரண்டு ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீரில் பசை மாதிரி குழைத்து, அப்புறம் சூடான தண்ணீரை ஊற்ற வேண்டும், பாக்கெட்டில் போட்டிருப்பதைவிடத் தண்ணீரைக் குறைக்க வேண்டும். இப்படிச் செய்தால் பத்துக்கு ஆறு மதிப்பெண் வாங்கும். எத்தனை நாள் பயணமானாலும் கெடாது என்பதால் இரண்டு நாளுக்கு மேல் போகிறவர்களுக்கு இதுதான்.

என் ஓட்டு 200 மில்லி டெட்ரா பேக்குக்கு. 135 டிகிரிக்கு மேல் சில விநாடி சூடாக்கி, கிருமி புகாதபடி அடைத்து வருவதால் பிரிக்காதவரை ஃபிரிட்ஜ் வேண்டாம். கொஞ்சம் காய்ச்சின வாடை அடிக்கும், தனியாகக் குடித்தால் தெரியும், ரோபஸ்டா சேர்ந்த டிகாஷனில் காணாமல் போய்விடும். கணக்கும் கச்சிதம்: 120 மில்லி டிகாஷன், 200 மில்லி பால், இரண்டு டம்ளர், மிச்சம் எதுவும் இல்லை. பிரித்த பாலை மூடி வைத்து மதியம் பார்த்துக்கொள்ளலாம் என்கிற பேச்சே எழவில்லை. கொழுப்பு கூடினதாகப் பார்த்து வாங்குங்கள், ஸ்லிம் என்று எழுதியிருப்பதைத் தொடாதீர்கள். கள்ளிச்சொட்டு மாதிரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் டபராவில் நாலு ஆற்று ஆற்றினால் நுரை நிற்கிறது. டபரா டம்ளரை மலைக்குச் சுமக்கிறாயா என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், 180 கிராம், இரட்டைச் சுவர் மக்கில் குடித்தால் உதட்டில் சூடே தெரிவதில்லை.

பெரியவர் வீட்டில் மாடு இருக்கிறது, கேட்டால் பால் கொடுப்பார். ஆனால் அவர் கறப்பது ஆறரைக்கு மேல். எனக்கு ஐந்தரைக்குக் காபி வேண்டும், கிழக்கே வெளுக்கும்போது கையில் டம்ளர் இருக்க வேண்டும். ஒரு தடவை பொறுமையாக ஆறரைவரை உட்கார்ந்து கறந்த பாலில் போட்டுக் குடித்தேன். இந்த விமர்சனத்தையே கிழித்துப் போட்டுவிடலாம் போல இருந்தது.

மற்ற முறைகளோடு ஒப்பிடாமல் எப்படி. நம் எவர்சில்வர் ஃபில்டரையும் கொண்டுபோய்ப் பார்த்தேன். நேர்மையாகச் சொன்னால் சுவையில் அதுதான் முதல். ராத்திரி படுக்கப் போகும்முன் வெந்நீர் ஊற்றி மூடி வைத்துவிட்டால் காலையில் பால் மட்டும் சூடு பண்ணினால் போதும். ஆனால் இரண்டு தடவையும் சிக்கல். ஒரு தடவை எறும்பு, வெறும் டிகாஷனில் எறும்புக்கு என்ன வேலை என்று தெரியவில்லை, வந்திருந்தது. இன்னொரு தடவை நாய் தட்டிவிட்டது. காலையில் எழுந்து புதிதாகப் போடலாம் என்றால் குளிரில் மெல்லிய எவர்சில்வர் சூட்டை உடனே விட்டுவிடுகிறது, சொட்டுவது நின்று நின்று அரை மணி ஆகிறது. காரில் போகிறவர்கள், டிக்கியில் பத்திரமாக நிமிர்த்தி வைக்க இடம் இருப்பவர்கள், மோகாவை மறந்துவிட்டு வீட்டு ஃபில்டரையே எடுத்துப் போங்கள். சிக்கரிக்கும் தடை இல்லை.

ஏரோபிரஸ் அலுவலக நண்பரிடம் இரவல் வாங்கினேன். பறக்கும் தட்டு விளையாட்டுச் சாமான் செய்துகொண்டிருந்த ஆலன் அட்லர் என்கிற அமெரிக்கர் 2005-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது, பெரிய ஊசி சிரிஞ்சு மாதிரி இருக்கும். எடை இல்லை, உடையாது, கழுவுவது சொர்க்கம், சக்கை பில்லை மாதிரி டப்பென்று விழுந்துவிடும். மோகாவுக்கும் இதற்கும் கழுவுகிற போட்டி வைத்தால் மோகா பக்கத்திலேயே வர முடியாது. ஆனால் தண்ணீரைத் தனியாகச் சூடு பண்ண வேண்டும், அப்புறம் டம்ளர்மேல் வைத்து உடம்பு பாரத்தைப் போட்டு அமுக்க வேண்டும், மேடு பள்ளமான மண்ணில் எவர்சில்வர் டம்ளர் ஒரு பக்கம் நழுவ, நான் ஒரு பக்கம் சரிய. காபி இனிமையாக, தெளிவாக வருகிறது. பால் ஊற்றியதும் அந்தத் தெளிவு கூச்ச சுபாவமாகி ஒதுங்கிவிடுகிறது. கறுப்பாகக் குடிப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கலாம்.

இன்ஸ்டன்ட் பற்றிக் கேவலமாகப் பேச மாட்டேன். பவுடர் பாலும் இன்ஸ்டன்டும் சர்க்கரையும் ஒரே டப்பாவில் கலந்து கொண்டுபோய், வெந்நீர் ஊற்றிக் குடித்துவிட்டு நடையைக் கட்டுகிறவர்கள் என்னைவிட முக்கால் மணி நேரம் முன்னால் மலை ஏறியிருப்பார்கள். எனக்கு அந்த முக்கால் மணிதான் பயணமே.

அலுவலகத்தில் ஒருவர், மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், அதனால் காபி சரியாக இறங்காது என்று பயமுறுத்தினார். 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்று தோராயமாகக் குறையும். காவலூர் பக்கம் 700 மீட்டர் சொச்சம், ஏலகிரி 1,100, கொல்லிமலை 1,300. கணக்குப் போட்டால் 95, 96-க்குக் கீழே போகவில்லை, காபிக்கு வேண்டியதே அந்தச் சூடுதான். இமயமலை போகும்போது கவலைப்படலாம்.

குறைகள். முதல் குறை வாஷர். நடுவில் இருக்கும் வெள்ளை ரப்பர் வளையம் ஐந்தாவது பயணத்திலேயே இறுகிப் போய் ஓரத்தில் ஆவி கசிய ஆரம்பித்தது. விற்றவனுக்கு எழுதினேன், பதில் வந்தது, ரொம்ப மரியாதையான பதில், வாஷர் மட்டும் வரவில்லை. கடைசியில் பாரிமுனையில் குக்கர் உதிரிச் சாமான் விற்கும் சந்துக் கடை ஒன்றில் பழையதைக் காட்டி, ஒப்பிட்டுப் பார்த்து ஒன்று கிடைத்தது, 40 ரூபாய், இரண்டாக வாங்கி வைத்திருக்கிறேன். பெயர் உள்ள கம்பெனி பாட் என்றால் உதிரி சாமான் சுலபமாகக் கிடைக்கும், விலை மூன்று நாலு மடங்கு. யோசித்தால் அதுவே புத்திசாலித்தனமாக இருந்திருக்கலாம்.

இரண்டாவது, சூடு ஆறுகிறவரை திறக்க முடியாது. இரண்டாவது தடவை போட வேண்டுமென்றால் கால் மணி காத்திருக்க வேண்டும். கூட ஒரு ஆள் வந்தால் இந்த அளவு பத்தாது. ஒரு தடவை பெரியவர் வந்து உட்கார்ந்தார், என் இரண்டாவது டம்ளரைக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "என்ன தம்பி, காபி ஜோராத்தான் இருக்கு, பால்தான் டவுன் பாலு" என்றார். சரியான விமர்சகர்.

மூன்றாவது, கழுவுவது. அலுமினியத்தை சோப்புப் போட்டுத் தேய்க்கக் கூடாது, கறுத்துப்போகும். வெறும் தண்ணீரில் அலசித் துடைத்து, திருகாமல் திறந்தபடி காயவிட வேண்டும். வீட்டுக்கு வந்து ஈரத்தோடு மூடி வைத்துவிட்டு, அடுத்த பயணத்துக்கு இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்தது, ஒரு மாதிரி வாடை வேறு. இரண்டு தடவை வெறும் தூளைப் போட்டு ஓட்டிக் கீழே கொட்டியபிறகுதான் சரியானது. என் மனைவி இதைத் தொடுவதில்லை என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். "கிளம்புறதும் நீங்க, குடிக்கிறதும் நீங்க, அதையும் நீங்களே கழுவுங்க." நியாயம்தான்.

எடை, பாட் மட்டும் 380 கிராம். பைக்கில் தெரியாது, முதுகில் சுமந்து ஏறுகிறவர்களுக்குத் தெரியும். இந்த இடத்தில் ஏரோபிரஸ் ஜெயிக்கிறது, மறுக்கவில்லை.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். அந்த ஒன்று வாஷருக்கும் கைப்பிடிக்கும் சேர்த்துக் குறைத்தது, கைப்பிடியில் என் பங்கும் இருக்கிறது என்றாலும். வாங்குவதாக இருந்தால் மூன்று கப் வாங்குங்கள், முதல் மூன்று தடவை வீட்டு மொட்டை மாடியில் வைத்துப் பழகுங்கள். ஆடிக்காற்றில் ஒரு தடவை பழகிவிட்டால் மலையில் பயம் இருக்காது. தூள் வாங்கும்போது மிஷினில் உங்களுக்கு முன்னால் அரைத்தவருடைய சிக்கரித் தூள் கலந்திருக்கலாம், முதலில் வரும் ஒரு கைப்பிடியை ஒதுக்கிவிடச் சொல்லுங்கள், நல்ல கடையில் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அப்புறம் லைட்டர் இரண்டு. ஒன்று பனியில் நனையும்.